ஒரு விரல் இடைவெளி

பாப்பா, தம்பி, இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். இரண்டு நாளைக்கு முன்னால் போர்வைக்குள் இருந்துகொண்டு நீங்கள் போட்ட சண்டை எனக்குக் கேட்டது. "இந்த அப்பாவுக்கு என்னதான் பிரச்சினை? ஜன்னல மூடவே விடமாட்டேங்கிறாரு" என்றாள் பாப்பா. தம்பி எழுந்து போய் மூடினான். நான் வந்து மறுபடியும் ஒரு விரல் அளவு திறந்துவிட்டுப் போனேன்.  இந்த விஷயத்தில் அம்மா எப்போதும் என் பக்கம்தான். ஏன் என்று அவளுக்குத் தெரியும்.

உங்களுக்கும் தெரிந்துகொள்ளும் வயது வந்துவிட்டது. நான் பத்தாவதுக்குப் பிறகு ஐ.டி.ஐ. படித்தவன், எழுதிப் பழக்கமில்லை. பாப்பா தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள் என்பதால் சின்னச் சின்ன வாக்கியமாக எழுதப் பார்க்கிறேன். இது ஒரு ஆளைப் பற்றியது. அந்த ஆளால் நான் சாகக் கிடந்தேன். அந்த ஆளால்தான் இன்றைக்கு உயிரோடும் இருக்கிறேன். இரண்டும் ஒரே காலையில், ஒரே இடத்தில் நடந்தது. 

அவர் பெயரை எழுதப் போவதில்லை. எங்கேயோ நிம்மதியாக இருப்பார், இருக்கட்டும். கம்பெனி ஆட்கள் தங்கும் கேம்பில் நாங்கள் எல்லோரும் அவரை டேப் அண்ணன் என்றுதான் கூப்பிட்டோம். அறந்தாங்கிப் பக்கம். ஏ.சி. காற்று போகிற தகரக் குழாய் இருக்கிறதல்லவா, டக்ட், அதை மாட்டி, இணைப்புகளில் காற்று கசியாமல் அடைப்பது அவர் வேலை. அலுமினிய டேப் ஒரு ரோல் எப்போதும் இடது மணிக்கட்டில் வளையல் மாதிரி கிடக்கும். சாப்பிடும்போதும் கழற்ற மாட்டார். இடுப்பில் ஒரு கட்டர் கத்தி. நான் அப்போது அதே கம்பெனியில் எலெக்ட்ரீஷியன். இங்கே அமீரகத்திலேயே, ராஸ் அல் கைமாவில் சிமெண்டு ஃபேக்டரிக்குப் பின்னால், மலையைப் பார்த்தபடி இருந்தது எங்கள் கேம்ப். ஒரே ரூமில் எட்டுப் பேர் இருந்தோம். அவர் கட்டில் ஜன்னல் ஓரம், என் கட்டில் அதற்கு மேலடுக்கு.

நான் அந்த ரூமுக்குப் போன முதல் நாளே ஒரு அதிசயம் பார்த்தேன். டியூட்டி முடிந்து வந்தவர், கையைக் கழுவிவிட்டு ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தினார். சாமி கும்பிடப் போகிறார் என்று நானும் எழுந்து நின்றேன். அவர் சாமி படத்துப் பக்கமே போகவில்லை. பத்தியை ஜன்னல் சட்டத்தின் ஓரமாக, மேலிருந்து கீழே, எறும்பு ஊர்கிற வேகத்தில் நகர்த்திக்கொண்டே போனார். ஓரிடத்தில் புகை லேசாக வளைந்தது. அவர் முகம் மாறிவிட்டது.

"இங்கிட்டா இருக்க நீயி? ரெண்டு நாளா ஒன்னத்தான்டா தேடுறேன்."

சட்டத்திலிருந்த கசிவோடு பேசுகிறார்! மணிக்கட்டிலிருந்து டேப்பைக் கிழித்து ஒட்டி, கட்டைவிரலால் தேய்த்து, திரும்பப் பத்தியைக் காட்டினார். புகை இப்போது நூல் பிடித்த மாதிரி நேராக நின்றது. அப்புறம்தான் என்னைப் பார்த்தார். "வாப்பா. புதுசா? கதவ மூடிட்டு வா."

அந்த மனிதரைப் பற்றி ஒரே ஒரு விஷயம் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். அவரால் ஒரு ஓட்டையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. கதவுக்கடியில் ஃபோம் பட்டை ஒட்டியிருப்பார். பிளக் பாயிண்டைச் சுற்றி டேப். சீனி டப்பா மூடியைச் சுற்றி டேப். எங்கள் கேம்ப் முழுக்க எறும்பும் கரப்பானும் சிமெண்டுத் தூசியும். எங்கள் ரூமில் மட்டும் எதுவும் கிடையாது. பக்கத்து ரூம்காரர்கள் "ஆஸ்பத்திரி ரூம்" என்று கிண்டல் செய்வார்கள். எட்டுப் பேர் வியர்வையும் எட்டுப் பேர் சாக்ஸும் அந்த ரூமுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும் என்பது வேறு விஷயம்.

ஒருமுறை லீவில் போன ஒரு ஆள் கையில் ஊருக்கு ஒரு பார்சல் கொடுத்துவிட்டேன். ஒரு போர்வை, கொஞ்சம் பேரீச்சம்பழம், உங்கள் அம்மாவுக்கு ஒரு கைப்பை. அண்ணன்தான் பேக் பண்ணினார். மூன்று சுற்று டேப். மூலைகளுக்குத் தனியாக. தாத்தா அதைப் பிரிக்க அரிவாள் எடுத்தாராம். கைப்பையின் வாரும் சேர்ந்து அறுந்துவிட்டது. போனில் உங்கள் அம்மா அழுகையும் சிரிப்புமாகச் சொன்னாள். அண்ணனிடம் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "தூசி உள்ள போயிருந்துச்சா?" இல்லை என்றேன். "அப்பறம் என்ன?"

வேலையிலும் அப்படித்தான். டக்ட்டை எல்லாம் மாட்டி முடித்த பிறகு உள்ளே காற்றை ஏற்றி எங்கே கசிகிறது என்று பார்ப்பார்கள். அவர் செய்த லைன் ஒன்றுகூட அதில் ஃபெயில் ஆனதில்லை. எகிப்துக்கார இன்ஜினீயர் ஒருவர், மிஷின் வைத்துச் சோதிப்பதற்கு முன்னால் இவரைக் கூப்பிட்டு ஊதுபத்தி கொளுத்தச் சொல்வார். மிஷின் சொல்வதும் பத்தி சொல்வதும் ஒன்றாகவே இருக்கும். "மிஷினுக்குச் சார்ஜ் எறங்கும்டா தம்பி. பொகை பொய் சொல்லாது" என்பார். இந்த வார்த்தையை மறந்துவிடாதீர்கள், பின்னால் வரும்.

கூடாரத்துக்கு வருகிறேன். பள்ளிக்கூடத்தில் கிரீன்ஹவுஸ் என்று உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். நாங்கள் கூடாரம் என்றோம்.

இங்கே குளிர்காலத்தில்தான் செடி வளரும், உங்களுக்கே தெரியும். முதல் வருஷம் அண்ணன் கேம்புக்குப் பின்னால் இரண்டு பாத்தி போட்டு அரைக்கீரை விதைத்தார். நன்றாக முளைத்தது. ஆனால் ஃபேக்டரித் தூசி ராத்திரி பனியோடு சேர்ந்து இலையில் இறங்கி, காலை வெயிலில் காய்ந்து, ஒவ்வொரு இலைக்கும் சிமெண்டு பூசின மாதிரி ஆகிவிட்டது. கழுவினாலும் போகவில்லை. ஒரு இலையை எடுத்து இரண்டாக ஒடித்துக் காட்டினார். அப்பளம் மாதிரி உடைந்தது. "அடுத்த வருசம் பாருடா" என்றார்.

அடுத்த நவம்பரில் வேலையை ஆரம்பித்தோம். "தோம்" என்றுதான் சொல்ல வேண்டும், எனக்கும் அதில் பங்கு உண்டு. வயர் போகிற சாம்பல் நிற பிளாஸ்டிக் குழாயில் மிச்சம் மீதி நிறைய இருந்தது. ஃபோர்மேனிடம் கேட்டு நான்தான் கொண்டுவந்தேன். தரையில் முழ நீளக் கம்பித் துண்டுகளை இரண்டு வரிசையாக அடித்தோம். அந்த மண்ணில் கம்பி இறங்குவதற்குள் உள்ளங்கை கன்றிவிட்டது. ஒரு கம்பியில் குழாயின் ஒரு முனையைச் சொருகி, வில் மாதிரி வளைத்து, எதிர்க் கம்பியில் மறுமுனையைச் சொருக வேண்டும். இப்படி ஏழு வளைவு. உச்சியில் ஒரு நீளக் குழாயை வைத்து ஏழையும் கேபிள் டையால் கட்டினோம். கட்டின இடம் உராய்ந்து, மேலே போடப்போகிற பிளாஸ்டிக் ஷீட் கிழிந்துவிடும் என்று அண்ணன் எங்கள் பழைய சாக்ஸை எல்லாம் எடுத்து ஒவ்வொரு கட்டிலும் சுற்றினார். யாரிடமும் கேட்கவில்லை. இரண்டு நல்ல ஜோடியும் அதில் போய்விட்டது.

ஷீட் போடுகிற நாள்தான் பெரிய வேலை. காற்று இருந்தால் நடக்காது. ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலை, மலையிலிருந்து காற்று கிளம்புவதற்கு முன்னால் ஆறு பேர் நின்று இழுத்தோம். முழுசாக ஒரே துண்டு, கனமான பிளாஸ்டிக். இரண்டு பக்கமும் ஒரு ஜாண் ஆழத்துக்குப் பள்ளம் வெட்டி வைத்திருந்தோம். ஷீட்டின் ஓரத்தை அதில் மடித்துப் போட்டு ஜல்லியும் மண்ணும் தள்ளி மிதித்தோம். முன்பக்கத்துக்கு வாசல் வேண்டுமே? கேம்பில் எல்லோரும் துணி வைக்க ஜிப் வைத்த துணி அலமாரி வைத்திருப்போம். உடைந்துபோன ஒன்றிலிருந்து அந்த ஜிப்போடு முன்பக்கத்தை அறுத்து எடுத்து, வாசலில் வைத்துத் தைத்து, தையல் மேல் டேப் ஒட்டினார். ஜிப்பின் அடியில் இடுக்கு தெரிந்தது. அதற்கு ஒரு ஃபோம் உருளை. உள்ளே போனவன் ஜிப்பை இழுத்துவிட்டு அந்த உருளையைக் காலால் தள்ளி அடைக்க வேண்டும்.

முடித்ததும் உள்ளே போய் ஊதுபத்தி கொளுத்தினார். நாங்கள் வெளியே நின்று ஷீட் வழியாகப் பார்த்தோம். ஏழு வளைவின் அடியிலும், வாசலிலும், உச்சியிலும். புகை எங்கேயும் அசையவில்லை. உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. அவர் தனியாகக் கை தட்டிக்கொண்டிருந்தார்.

எங்கள் கேம்ப் வாட்ச்மேன் ஒரு பெஷாவர்க்காரர், வயதானவர், எல்லோருக்கும் சாச்சா, அதாவது சித்தப்பா. அவர் தாடியைச் சொறிந்துகொண்டே கூடாரத்தை ஒரு சுற்று சுற்றி வந்தார். "பஹுத் அச்சா. லேகின் ஹவா கிதர் சே ஆயேகா, பாய்?" என்றார். ரொம்ப நல்லா இருக்கு, ஆனால் காற்று எங்கேயிருந்து வரும் என்று அர்த்தம்.

அண்ணனுக்கு ஹிந்தி அரைகுறை. நான்தான் தமிழில் சொன்னேன். "காத்து வரக் கூடாதுன்னுதானே இம்புட்டுப் பாடு? இந்தக் கெழவனுக்கு என்னாச்சு?" என்றார் அண்ணன். எல்லோரும் சிரித்தோம்.

மறுநாள் மதியமே சாச்சா சொன்னது பலித்துவிட்டது. வெயிலில் உள்ளே இட்லிப் பானை மாதிரி வெந்துவிட்டது. முந்தின நாள் சாயங்காலம் நட்ட நாற்றெல்லாம் தலையைத் தொங்கப் போட்டன. அண்ணன் தன் பிள்ளைக்கு ஊசி போட ஒத்துக்கொள்கிற தகப்பன் மாதிரி, மனசில்லாமல், தினமும் பதினோரு மணிக்கு ஜிப்பைத் திறந்து மூன்று மணிக்கு மூடும் வேலையைச் சாச்சாவுக்குக் கொடுத்தார். அதற்கப்புறம் செடிகள் எழுந்து நின்றன. தக்காளி, வெண்டை, மிளகாய், பந்தலேறின புடலை. தேனீ வருகிற காலை நேரத்தில் ஜிப் மூடியிருக்கும்; அதனால் டியூட்டிக்குப் போவதற்கு முன்னால் காது குடையும் பஞ்சுக் குச்சியை வைத்துக்கொண்டு புடலைப் பூவுக்குப் பூ தொட்டுக்கொண்டு திரிவார். "எறக்க மட்டும்தான் இல்ல" என்று கிண்டல் செய்தால், "தேனுந்தான் இல்ல" என்பார். ஒரே ஒரு ஆசைதான் அவருக்கு. பொங்கலன்று எங்கள் ரூமில், கடையில் வாங்காத காயில் குழம்பும் புடலங்காய்க் கூட்டும் வைக்க வேண்டும். டிசம்பர் கடைசியில் முதல் புடலை விரல் நீளம் வந்தது. அதன் நுனியில் சின்னக் கல்லைக் கட்டித் தொங்கவிட்டார். நேராக வளரணுமாம்.

அந்த டிசம்பர் கடைசியில்தான் பாப்பா பிறந்தாள்.

எட்டுப் பேர் இருக்கிற ரூமில் வீடியோ காலில் குழந்தையைப் பார்ப்பது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஒருவன் சமைப்பான், ஒருவன் படம் பார்ப்பான், ஒருவன் "எங்க காட்டு, யாரு ஜாடை?" என்று தலையை நீட்டுவான். கூடாரத்துக்குள் போனால் வெதுவெதுப்பாக, சத்தமில்லாமல் இருக்கும். கவிழ்த்துப் போட்ட ஒரு பெயிண்ட் வாளி உண்டு, அதில் உட்காரலாம். அண்ணன் எல்லோருக்கும் அனுமதி கொடுத்திருந்தார். ஒரே நிபந்தனை: "உள்ள போனதும் ஜிப்ப இழு. உருளையத் தள்ளு. மூணு எண்றதுக்குள்ள." நாங்கள் அப்படிப் பழகிவிட்டோம். இன்றைக்கும் சில நேரம் கனவில் என் கால் அந்த உருளையைத் தள்ளுகிறது.

பொங்கலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது குளிர் இறங்கியது. இரண்டு நாள் மழை, அப்புறம் மலைக்காற்று. அந்த மாதிரி குளிரை அதற்கு முன்னால் நான் இங்கே பார்த்ததில்லை. சாச்சா இரண்டு ஸ்வெட்டர் போட்டுத் திரிந்தார். புடலை இலைகள் ஓரம் சுருண்டு கறுக்க ஆரம்பித்தன. அண்ணன் சரியாகச் சாப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை விடியும்போது அவர் கூடாரத்துக்கு வெளியே குந்தி உட்கார்ந்து ஒரு தகரச் சட்டியில் அடுப்புக்கரி மூட்டிக்கொண்டிருந்தார். நான் பல் விளக்கிக்கொண்டே பக்கத்தில் போய் நின்றேன். முதலில் கரும்புகை வந்தது. விசிறிக்கொண்டே இருந்தார். புகை குறைந்து, வெள்ளையாகி, பிறகு சுத்தமாக நின்றது. கரி எல்லாம் ரத்தச் சிவப்பு. சட்டிக்கு மேலே கையை நீட்டிப் பார்த்தார். வெள்ளைத்தாள் ஒன்றைப் பிடித்துப் பார்த்தார். கரி படியவில்லை.

"பாருடா. பொகையே இல்ல. வெறும் சூடு. புள்ளைங்களுக்குப் போதும்."

சாச்சா தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு வேகமாக வந்தார். "நை பாய். கொய்லா அந்தர் நை. கொய்லா கராப்." கரியை உள்ளே வைக்காதே, அது கெட்டது என்றார். எங்கள் ஊரில் பனிக்காலத்தில் இப்படிக் குடும்பமே தூங்கிப் போயிருக்கிறது என்றும் ஏதோ சொன்னார். நான் அதை அண்ணனுக்குச் சொன்னேன். எப்படிச் சொன்னேன் தெரியுமா? சிரித்துக்கொண்டே சொன்னேன். "கரி கெட்டதாம்ணே. தூங்கிப் போயிருவோமாம்."

"பொகை இருந்தாத்தானே கெட்டது? பெரியவரு வீட்டுல பொகையோட வெச்சிருப்பாங்க" என்றார் அண்ணன். சட்டியை உள்ளே கொண்டுபோய் நடுவில் செங்கல் மேல் வைத்தார். வழக்கம்போல ஊதுபத்தி கொளுத்தி ஓரமெல்லாம் காட்டினார். எல்லா இடத்திலும் புகை நேராக நின்றது. வெளியே வந்து ஜிப்பை இழுத்துவிட்டுச் சொன்னார்: "இன்னிக்கி யாரும் தொறக்காதீங்கடா. சூடு போயிரும்." சூடு போய்விடும் என்பதற்காக மட்டும்தான் சொன்னார். எட்டு மணிக்கு ஒருமுறை போய்க் கரி போட்டுவிட்டு, சட்டென்று வெளியே வந்துவிட்டார். அவர் உள்ளே நின்றது ஒரு நிமிஷம்கூட இருக்காது.

ஒன்பது மணிக்கு உங்கள் அம்மா கூப்பிட்டாள். பாப்பாவைக் குளிக்க வைத்துச் சாம்பிராணி போட்டுப் பொட்டு வைத்திருந்தாளாம். "சீக்கிரம் வாங்க, முழிச்சிருக்கா" என்றாள். ரூமில் ஒரே கூச்சல். அண்ணன் குழாயடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். சூடு போகாமல் சட்டென்று உள்ளே நுழைந்துகொண்டால் அவருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தேன். நுழைந்தேன். ஜிப்பை இழுத்தேன். உருளையைக் காலால் தள்ளினேன். மூன்று எண்ணுவதற்குள்.

உள்ளே எவ்வளவு சுகமாக இருந்தது என்று சொன்னால் உங்களுக்குப் பயமாக இருக்கும். அதனால்தான் சொல்கிறேன். மூச்சு முட்டவில்லை. கண் எரியவில்லை. ஒரு வாடையும் இல்லை. ஷீட்டின் உட்பக்கம் நீர்த்துளி, கீழே பச்சை, நடுவில் சிவப்பாகக் கரி. போனில் பாப்பா. பதினெட்டு நாள் குழந்தை. கையை விரித்து விரித்து மூடினாள். நான் ஏதோ பேசிக்கொண்டிருந்தேன். தலை கொஞ்சம் கனத்தது. ராத்திரி சரியாகத் தூங்காததால் இருக்கும் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் கால் என்னுடையது இல்லாத மாதிரி இருந்தது. எழுந்திருக்க வேண்டும் என்று தோன்றியது, ஆனால் அவசரம் எதுவும் தெரியவில்லை. அதுதான் எனக்கு இன்றும் திகைப்பு. சாகிறவனுக்குச் சாகிறோம் என்று தெரிய வேண்டாமா?

அதற்கு மேல் எனக்கு ஞாபகமில்லை. மிச்சமெல்லாம் மற்றவர்கள் சொன்னது.

என் பேச்சு குழறுவதை உங்கள் அம்மா கேட்டிருக்கிறாள். "என்னங்க, குடிச்சிருக்கீங்களா?" என்று திட்டியிருக்கிறாள். அப்புறம் போன் கீழே விழுந்து மல்லாந்து கிடந்திருக்கிறது. அவள் திரையில் தெரிந்தது வளைந்த குழாயும், பிளாஸ்டிக்கும், ஒரு புடலங்காயும், அதன் நுனியில் கட்டின கல்லும். கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தாள். பதில் இல்லை. போன வருஷம் என் போன் ரிப்பேரானபோது அண்ணன் போனிலிருந்துதான் பேசுவேன். அந்த நம்பர் அவளிடம் இருந்தது. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டே அதற்கு அடித்தாள்.

"அண்ணே, அவரு பேசமாட்டேங்கிறாரு. போனு கீழ கெடக்கு. பிளாஸ்டிக் மாதிரி என்னமோ தெரியுது. புடலங்காய் தெரியுது."

அண்ணன் துணியை அப்படியே போட்டாராம். கையில் சோப்பு நுரையோடு ஓடினார். ஜிப்பைத் தொடவே இல்லை. கட்டர் கத்தியை எடுத்து, தானே ஒட்டி, தானே தேய்த்து, ஊசி நுழைய இடம் விடாமல் வைத்திருந்த அந்த ஷீட்டை உச்சியிலிருந்து தரைவரை கிழித்தார். உள்ளே பாய்ந்து என் இரண்டு அக்குளிலும் கை கொடுத்து இழுத்தார். சாச்சாவும் ஓடிவந்து காலைப் பிடித்தார். இரண்டு பேரும் என்னை வெளியே மழை ஈரத்தில் போட்டார்கள். என் முகம் செக்கச்செவேலென்று இருந்ததாம். "நல்லா இருக்குற மாதிரியே இருந்தீங்க பாய், அதான் பயமா இருந்துச்சு" என்று சாச்சா பிறகு ஹிந்தியில் சொன்னார்.

நான் இருமினேன். வாந்தி எடுத்தேன். பையன்கள் கம்பெனி வண்டியைக் கொண்டுவரப் போனார்கள். எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்ததால் அண்ணனை யாரும் கவனிக்கவில்லை. சரக் சரக் என்று சத்தம் கேட்டுத்தான் திரும்பியிருக்கிறார்கள். அவர் இன்னும் கிழித்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் முழுக்கக் கிழித்து, மறுபக்கம் போய், வளைவுக்கு வளைவு. உள்ளே ஆள் இல்லை. நான் வெளியே கிடக்கிறேன். அவர் நிறுத்தவில்லை. காற்று உள்ளே புகுந்து கந்தல் கந்தலாகப் பிளாஸ்டிக் பறந்தது. கேபிள் டையையும் சாக்ஸையும் சேர்த்து அறுத்தார். சாச்சா பின்னாலிருந்து அவரைக் கட்டிப் பிடித்து, கத்தி பிடித்த கையை இறுக்கி, "கலாஸ் பாய், கலாஸ்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாராம். முடிந்தது, முடிந்துவிட்டது என்று. கத்தி கீழே விழ ரொம்ப நேரம் ஆனதாம்.

ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க ஆக்ஸிஜன் வைத்தார்கள். கரி புகையாமல் கனிந்து கிடந்தாலும் அதிலிருந்து ஒரு வாயு வருமாம். நிறமில்லை, மணமில்லை. இன்னும் ஒரு பத்து நிமிஷம் போயிருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

சாயங்காலம் அண்ணன் வந்தார். என் பக்கம் வரவில்லை. நேராக ஜன்னலுக்குப் போய்ச் சட்டத்தைச் சுற்றி உள்ளங்கையை வைத்துத் தடவினார். வழக்கமாக அடைப்பதற்குத் தேடுவார். அன்றைக்குத் திறப்பதற்குத் தேடினார். மலையாளி நர்ஸ் ஒருத்தி, "அது தொறக்கான் பற்றில்ல சேட்டா" என்றாள். திறக்க முடியாதாம். அவர் கைப்பிடி இல்லாத அந்தக் கண்ணாடி முன்னால் அப்படியே நின்றார். முதுகு மட்டும் தெரிந்தது. மணிக்கட்டில் டேப் இல்லை.

"பொகையே இல்லையேடா தம்பி" என்றார், திரும்பாமலே. "பத்தி காட்டுச்சே. நேரா நின்னுச்சே."

"விடுங்கண்ணே."

"நேரா நின்னுச்சுடா."

அதையே ஐந்தாறு தடவை சொன்னார். என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. சாச்சா சொன்னதைச் சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தவன் நான். ஜிப்பை இழுத்தவனும் நான்தான். இதை அவரிடம் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். ஆக்ஸிஜன் முகமூடிக்குள் வாய் வரவில்லை என்று அப்போது நினைத்துக்கொண்டேன். அப்புறம் முகமூடியைக் கழற்றின பிறகும் சொல்லவில்லை.

ரூமுக்குத் திரும்பினபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஜன்னல் டேப், கதவு ஃபோம், பிளக் பாயிண்ட் டேப் எல்லாவற்றையும் உரித்துப் போட்டிருந்தார். சுவரில் பசையின் தடம் மட்டும் இருந்தது. அந்த வாரமே தூசியும் எறும்பும் வந்துவிட்டன.  பொங்கலன்று சாச்சா கிழிந்த கூடாரத்துக்குள் இரண்டு புடலங்காயைத் தேடிக் கொண்டுவந்து கொடுத்தார். கூட்டு வைத்தோம். அண்ணன் தட்டில் வைத்ததை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

சைட்டில்தான் இன்னும் மோசம். ஒரு இணைப்பை ஒட்டுவார். தேய்ப்பார். கொஞ்சம் தள்ளிப் போவார். திரும்பி வந்து கத்தி நுனியால் அதில் ஒரு கோடு போட்டுவிடுவார். அவருக்கே தெரியாமல் செய்கிறாரா, தெரிந்தா என்று கேட்கப் பயமாக இருந்தது. முதல்முறையாக அவர் லைன் டெஸ்டில் ஃபெயில் ஆனது. எகிப்துக்காரர் நம்பாமல் இரண்டாம் தடவை மிஷின் வைத்தார். "பாய், என்ன ஆச்சு உனக்கு?" என்று தோளைத் தொட்டுக் கேட்டார். மார்ச்சில் அண்ணன் விசாவைக் கேன்சல் செய்துகொண்டு ஊருக்குக் கிளம்பிவிட்டார்.

வண்டி ஏறும்போது அவர் பெட்டியைப் பார்த்தேன். டேப் கிடையாது, கயிறு கிடையாது. ஜிப் முழுதாக மூடாமல் ஒரு துண்டின் ஓரம் வெளியே தெரிந்தது. நான் இழுத்துவிடப் போனேன். கையைத் தட்டிவிட்டார். பிறகு அதே கையின் ஆள்காட்டி விரலை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"நீ எங்க படுத்தாலும் சரி, ஒன் புள்ள எங்க படுத்தாலும் சரி. ஜன்னலு இம்புட்டு தொறந்து கெடக்கணும். என்னா?"

"சரிண்ணே."

ஊருக்குப் போய் இரண்டு தடவை பேசினார். மூன்றாவது தடவை நான் அடித்தபோது அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை என்றது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். கரிச்சட்டியை எந்தக் காலத்திலும் வீட்டுக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ கொண்டுபோகாதீர்கள், ஜன்னல் திறந்திருந்தாலும். இது அவர் சொன்னதில்லை, நான் சொல்வது.

இன்றைக்குக் காலையில் நீங்கள் இருவரும் ஸ்கூல் பஸ் ஏறிப் போனீர்கள். அம்மா காய் வாங்கக் கீழே இறங்கினாள். எனக்கு மத்தியான டியூட்டி. இவ்வளவையும் எழுதிவிட்டு உங்கள் ரூமுக்குப் போனேன். ஜன்னல் இறுக்க மூடியிருந்தது. தம்பி, நீ போவதற்கு முன்னால் மூடியிருக்கிறாய். என் ஆள்காட்டி விரலை வைத்து அளந்து திறந்தேன். அப்புறம் சாமி அலமாரியிலிருந்து ஒரு ஊதுபத்தி எடுத்துக் கொளுத்தினேன். இத்தனை வருஷத்தில் அண்ணன் மாதிரி பத்தி காட்டி நான் பார்த்ததே இல்லை. ஜன்னல் ஓரத்தில் பிடித்தேன்.  புகை கொஞ்ச நேரம் நூல் மாதிரி நேராக நின்றது.  பிறகு மெதுவாக வளைந்து, உள்பக்கமாக, உங்கள் தலையணைகளின் மேல் வந்தது. பத்தி தீர்கிறவரை அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.